ஆடிட்டருக்கு மேலே ஒரு கண்: என்.எஃப்.ஆர்.ஏ. ஏன் வந்தது, எங்கே சிக்கி நிற்கிறது

ஒரு பெரிய கம்பெனி கவிழ்ந்தால் முதல் நாள் பத்திரிகையில் முதலாளியின் படம் வரும். இரண்டாம் நாள் கடன் கொடுத்து மாட்டிக்கொண்ட வங்கிகளின் பட்டியல் வரும். மூன்றாம் நாள்தான் யாருக்காவது ஞாபகம் வரும்: வருஷா வருஷம் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரே ஓர் ஆடிட்டர், அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே 2018 முதல் இந்தியாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. பெயர் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம். துறைக்குள் இருப்பவர்கள் என்.எஃப்.ஆர்.ஏ. என்பார்கள். 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த ஆணையத்தை உருவாக்கிய சட்டப்பிரிவு செல்லும் என்றது. அதே தீர்ப்பில், ஆடிட்டர்களுக்கு ஆணையம் அனுப்பிய நோட்டீஸ்கள் செல்லாது என்றும் சொன்னது. ஜெயித்தது யார் என்று பலருக்கும் புரியவில்லை. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில், எந்த ஆடிட்டர்?

நம் ஊர்களில் "ஆடிட்டர்" என்றால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதருபவர். கடைக்காரருக்கு ஜிஎஸ்டி பார்ப்பார், வீட்டுக் கடனுக்குச் சான்றிதழ் தருவார், வரி எப்படிக் குறையும் என்று யோசனை சொல்வார். அவர் உங்கள் ஆள். நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், உங்களுக்காக வேலை செய்கிறார். இதில் குழப்பம் எதுவும் இல்லை.

கம்பெனிகள் சட்டப்படி நியமிக்கப்படும் ஆடிட்டரின் வேலையே வேறு. படிப்பு ஒன்றுதான், சி.ஏ. பட்டமும் ஒன்றுதான். ஆனால் இவர் கம்பெனிக்காக வேலை செய்பவர் இல்லை. கம்பெனி நிர்வாகம் தயாரித்த லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் உண்மையான நிலையைக் காட்டுகின்றனவா என்று, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லாத பங்குதாரர்களுக்குச் சொல்பவர். கடன் கொடுத்த வங்கி, டெபாசிட் போட்ட ஓய்வூதியர், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடும் இளைஞர், எல்லோரும் அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் நிற்கிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கணக்கில் ஒரு பைசா தவறில்லை என்று ஆடிட்டர் உறுதி கொடுப்பதில்லை. எல்லா ரசீதையும் அவர் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஆபத்து அதிகமுள்ள இடங்களைத் தேர்ந்து, மாதிரிகளை எடுத்து, வெளியிலிருந்து ஆதாரம் திரட்டி, "முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிய தவறு இல்லை என்று நியாயமான அளவில் நம்புகிறேன்" என்கிறார். ஆகவே கம்பெனியில் மோசடி நடந்தது என்பதாலேயே ஆடிட்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்பட்டாரா என்பதுதான் கேள்வி. இதை மறந்துவிட்டு நடக்கும் டிவி விவாதங்கள் ஏராளம்.

சம்பளம் கொடுப்பது யார் என்ற சிக்கல்

மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் காசு வாங்கும் கல்யாணத் தரகர், மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பெண் வீட்டாருக்குச் சான்று கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரகர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் பெண் வீட்டார் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஆடிட்டரின் நிலை ஏறக்குறைய இதுதான். சட்டத்தின் காகிதத்தில் அவரை நியமிப்பது பங்குதாரர்களின் பொதுக்கூட்டம். நடைமுறையில், பங்குகளில் பெரும்பகுதியைக் கையில் வைத்துக் கம்பெனியை ஆளும் குடும்பம் (புரமோட்டர் என்பார்கள்) யாரைக் கைகாட்டுகிறதோ அவரே ஆடிட்டர். கட்டணம் கம்பெனியின் பணத்திலிருந்து போகிறது.

இதற்குச் சட்டம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் முக்கியமானவை இவை:

1. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளிலும் சட்டம் குறிப்பிடும் வேறு சில வகைக் கம்பெனிகளிலும் தனிநபர் ஆடிட்டர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர முடியாது. ஆடிட் நிறுவனமாக இருந்தால் பத்து ஆண்டுகள். பிறகு ஐந்து ஆண்டு இடைவெளி விட வேண்டும்.
2. ஆடிட் செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதித் தருவது, நிர்வாக ஆலோசனை சொல்வது, முதலீட்டு வங்கி வேலை செய்வது போன்றவை கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே சரிபார்ப்பதில் அர்த்தமில்லை.
3. ஒரு கோடி ரூபாய்க்கோ அதற்கு மேலோ மோசடி நடந்திருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால், ஆடிட்டர் மத்திய அரசிடம் தெரிவிக்க வேண்டும்.

வேலி சரி. அதைத் தாண்டினால் பிடிப்பது யார்? நீண்ட காலத்துக்கு இதற்குப் பதில், அந்தத் தொழிலைச் செய்பவர்களின் சங்கம் என்பதாகவே இருந்தது.

தொழில் செய்பவர்களே தொழிலைக் கண்காணித்த காலம்

சி.ஏ. இன்ஸ்டிட்யூட் என்று எல்லோரும் அழைக்கும் அமைப்பு 1949-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தேர்வு நடத்துவது, பட்டம் தருவது, தணிக்கைத் தரநிலைகளை எழுதுவது, தவறு செய்த உறுப்பினரை விசாரிப்பது எல்லாமே அதன் வேலை. இன்று நான்கு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ஆளும் குழுவில் அதிகபட்சம் 40 பேர். அவர்களில் 32 பேரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், 8 பேரை மத்திய அரசு நியமிக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நல்லதும் உண்டு. ஒரு டாக்டரின் தவறு இன்னொரு டாக்டருக்குத்தான் புரியும் என்பதுபோல, ஆடிட்டின் நுணுக்கம் ஆடிட்டருக்குத்தான் தெரியும். ஆனால் தன்னை விசாரிக்கப்போகும் குழுவுக்குத் தானே ஓட்டுப் போடும் வசதி வேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? இன்னொரு ஓட்டையும் இருந்தது. இன்ஸ்டிட்யூட் தனி உறுப்பினரைத்தான் தண்டிக்க முடிந்தது, ஆடிட் நிறுவனத்தை நிறுவனமாகத் தண்டிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்ட பார்ட்னரின் மீது நடவடிக்கை வந்தால், நிறுவனம் வேறொரு பார்ட்னரை அனுப்பிவிட்டு வியாபாரத்தைத் தொடரலாம். நிறுவனங்களின் மேல் கை வைக்க வழிசெய்யும் திருத்தச் சட்டம் 2022-இல்தான் வந்தது.

அமைப்பு எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதை ஒரே ஒரு கடிதம் காட்டிக்கொடுத்தது.

சத்யம்: வங்கியை நேரில் கேட்காத கதை

2009 ஜனவரி 7. ஹைதராபாத்தின் மென்பொருள் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்தது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். இல்லாத அந்தப் பணத்துக்கு வர வேண்டிய வட்டி என்று 376 கோடியும் காட்டியிருந்தார்கள். புலி மேல் ஏறிவிட்டேன், அதற்கு இரையாகாமல் இறங்கும் வழி தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், நல்ல நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்குச் சர்வதேச விருது கிடைத்திருந்தது. பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனி கணக்கில் சில இடங்களில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஒரு பிராண்டின் மதிப்பு என்ன, வராக் கடனில் எவ்வளவு வரும், இந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்பதெல்லாம் மதிப்பீடு. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அப்படி இல்லை. இருக்கிறது அல்லது இல்லை. ஆடிட் பயிற்சிக்குச் சேரும் மாணவருக்கு முதல் வாரமே சொல்லித்தருவார்கள்: வங்கிக்கு நீயே எழுது, பதில் உன் கைக்கே வரட்டும், கம்பெனியின் கை வழியாக வரக்கூடாது.

சத்யத்தில் சறுக்கியது அங்கேதான். ஆடிட் செய்தவை பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுமத்தின் இந்திய நிறுவனங்கள். வங்கிக்குக் கடிதம் அனுப்புவதையும் பதில் பெறுவதையும் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளாமல், நிர்வாகம் கொண்டுவந்து கொடுத்த தாள்களை ஏற்றுக்கொண்டார்கள் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் கண்டன. தாள்கள் போலி. வருமானத்தை ஊதிக் காட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் உருவாக்கப்பட்டிருந்ததாகச் சிபிஐ சொன்னது.

இனி தண்டனையின் காலவரிசையைப் பாருங்கள். சத்யம் நியூயார்க் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால் அமெரிக்காவுக்கும் அதிகாரம் இருந்தது. 2011 ஏப்ரலிலேயே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 60 லட்சம் டாலரும், அந்நாட்டின் ஆடிட் மேற்பார்வை வாரியம் 15 லட்சம் டாலரும் அபராதம் விதித்தன. இந்தியாவில் சிறப்பு நீதிமன்றம் ராஜுவையும், ஆடிட்டர்கள் இருவர் உள்ளிட்ட மற்றவர்களையும் குற்றவாளிகள் என்று சொன்னது 2015 ஏப்ரலில். இந்தியப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அந்த ஆடிட் குழுமத்துக்கு இரண்டு ஆண்டுத் தடை போட்டது 2018 ஜனவரியில். ஆடிட் தரத்தை விசாரிப்பது செபியின் வேலை இல்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை 2019-இல் ரத்து செய்தது. பத்து வருஷம் ஓடிய பின்னும், இது யாருடைய வேலை என்பதே முடிவாகவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு கம்பெனியில் 190 கோடி யூரோ காணாமல் போனது. பிலிப்பைன்ஸில் இருப்பதாகச் சொன்ன பணம். அந்த நாட்டு வங்கிகள் இரண்டும், இப்படியொரு வாடிக்கையாளரே எங்களிடம் இல்லை என்றன. சத்யம் நடந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் மிகப்பெரிய பொருளாதாரத்தில், அதே வங்கி இருப்பு.

வெளியிலிருந்து ஒரு கண்: இரண்டு முன்னோடிகள்

ஆடிட்டர்களை வெளியார் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது என்ரான் வீழ்ச்சிக்குப் பிறகு. அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரானிடமிருந்து 2000-ஆம் ஆண்டில் அதன் ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன் ஆடிட்டுக்காக 2.5 கோடி டாலர் வாங்கியது. ஆலோசனை முதலான மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி டாலர். ஆடிட்டை விட மற்றதில் வரவு அதிகம். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. ஆவணங்களை அழித்த வழக்கில் மாட்டிய ஆண்டர்சனும் சிதறிப்போனது. அந்தக் குற்றத்தீர்ப்பை 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது காப்பாற்றுவதற்கு நிறுவனம் மிஞ்சவில்லை.

2002 ஜூலையில் வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம், பொதுக் கம்பெனிக் கணக்கு மேற்பார்வை வாரியத்தை உருவாக்கியது. சத்யத்தில் அபராதம் போட்டது இதுதான். இதன் அமைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐந்து உறுப்பினர்களில் இருவர் மட்டுமே கணக்காளர்களாக இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. செலவுக்கான பணம் ஆடிட்டர்களிடமிருந்தோ ஆண்டு பட்ஜெட்டில் அரசு ஒதுக்குவதிலிருந்தோ வருவதில்லை, பெரும்பகுதியைப் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் கட்டணமாகச் செலுத்துகின்றன.

இங்கே ஓர் இடைச்செருகல். அமெரிக்காவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே இலங்கை இந்த வழியில் கால் வைத்துவிட்டது. 1995-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் கண்காணிப்புச் சபை அங்கே அமைக்கப்பட்டது. வங்கி, காப்புறுதி, பங்குச்சந்தைக் கம்பெனிகள் போன்ற குறித்த வகை நிறுவனங்களின் கணக்குகள் நியமங்களின்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் பொறுப்பு. ஆடிட்டுக்குக் "கணக்காய்வு" என்ற நல்ல சொல்லும் இலங்கைத் தமிழில் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் எல்லோரும் அமெரிக்காவை மட்டும் பேசுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

கண்காணிப்பவரை வெளியே வைத்தாலே எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. அமெரிக்க வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் கேபிஎம்ஜி என்ற பன்னாட்டு ஆடிட் நிறுவனத்துக்கு மாறியபோது, அடுத்து எந்தெந்த ஆடிட்டுகளை வாரியம் ஆய்வு செய்யப்போகிறது என்ற ரகசியப் பட்டியலும் அவர்களோடு போனது. கேள்வித்தாள் கசிவேதான். 2019-இல் கேபிஎம்ஜி அதற்காக 5 கோடி டாலர் கட்டியது.

என்.எஃப்.ஆர்.ஏ. பிறந்த விதம்

இந்தியாவில் சட்டம் தயாராகவே இருந்தது. கம்பெனிகள் சட்டத்தின் 132-ஆம் பிரிவை 2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவரவில்லை. இன்ஸ்டிட்யூட் அதை விரும்பவில்லை, அரசும் அவசரப்படவில்லை. ஐந்து வருஷம் காகிதத்தில் தூங்கியது.

எழுப்பியது வைர வியாபாரி நீரவ் மோடியின் விவகாரம். 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் பல்லாயிரம் கோடி ரூபாய் மோசடி வெளியே வந்தது. அதே மாதம், பன்னாட்டு ஆடிட் நிறுவனங்கள் பற்றிய ஒரு வழக்கில், தணிக்கைத் தொழிலுக்குத் தனி மேற்பார்வை அமைப்பு பற்றி யோசியுங்கள் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. மார்ச் 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அக்டோபர் 1 அன்று ஆணையம் அமைந்தது. ஐந்து வருஷம் ஆகாதது ஏழே மாதத்தில் ஆனது.

இதன் அதிகாரம் இப்படி:

1. எல்லாக் கம்பெனிகளும் இதன் கீழ் வராது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை வரும். பட்டியலிடப்படாத பொதுக் கம்பெனி என்றால், செலுத்திய மூலதனம் 500 கோடி ரூபாயோ, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடியோ, கடனும் டெபாசிட்டும் கடன்பத்திரமும் சேர்ந்து 500 கோடியோ இருந்தால் வரும். வங்கி, காப்பீடு, மின்சாரக் கம்பெனிகளும் உண்டு. மற்ற சிறிய கம்பெனிகளின் ஆடிட்டர்களை விசாரிப்பது பழையபடி இன்ஸ்டிட்யூட்தான்.
2. ஆணையம் ஒரு விஷயத்தை விசாரிக்கத் தொடங்கிவிட்டால், இன்ஸ்டிட்யூட் உட்பட வேறு எந்த அமைப்பும் அதே விஷயத்தில் இணையாக விசாரணை நடத்த முடியாது.
3. தொழில்முறைத் தவறு நிரூபணமானால் தனி ஆடிட்டருக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் முதல் வாங்கிய கட்டணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை அபராதம். நிறுவனத்துக்குக் குறைந்தது ஐந்து லட்சம் முதல் கட்டணத்தின் பத்து மடங்கு வரை.
4. அதற்கு மேல், ஆறு மாதம் முதல் பத்து ஆண்டுகள் வரை தொழில் செய்யத் தடை. அபராதத்தை விட ஆடிட்டர்கள் பயப்படுவது இதற்குத்தான்.
5. மேல்முறையீட்டுக்கு தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

தலைவரும் உறுப்பினர்களும் பதவியில் இருக்கும்போதும், விலகி இரண்டு ஆண்டுகள் வரையிலும் எந்த ஆடிட் நிறுவனத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆணையம் முதலில் பார்ப்பது கம்பெனியின் கணக்கைக் காட்டிலும் ஆடிட்டரின் கோப்பை. ஆடிட்டர் தான் என்ன சோதித்தார், யாரைக் கேட்டார், என்ன பதில் வந்தது, ஏன் அதை ஏற்றார் என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்க வேண்டும். இதற்கு ஒர்க்கிங் பேப்பர்ஸ் என்று பெயர். கோப்பில் இல்லாத வேலை நடக்காத வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். "நான் பார்த்தேன், எழுதி வைக்கவில்லை" என்ற பதிலுக்கு அங்கே மதிப்பு இல்லை.

காபி டே சொல்லும் பாடமும் எஸ்.ஏ. 600 தகராறும்

காபி டே குழுமத்தின் நிறுவனர் சித்தார்த்தா 2019 ஜூலையில் இறந்தார். அதன் பிறகு நடந்த விசாரணையில், குழுமத்தின் ஏழு துணைக் கம்பெனிகளிலிருந்து 3,535 கோடி ரூபாய், புரமோட்டர் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு காபித் தோட்டக் கம்பெனிக்குப் போயிருந்தது தெரியவந்தது. குழுமத்தின் ஆடிட்டர்கள் பலர் மீது ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தாய்க் கம்பெனியின் ஆடிட் நிறுவனத்துக்கு மட்டும் 10 கோடி ரூபாய் அபராதம்.

பணம் போனது துணைக் கம்பெனிகளிலிருந்து. துணைக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வேறு ஆடிட்டர் இருக்கலாம். அவர்களின் அறிக்கைகளை வாங்கி, கூட்டி, குழுமத்தின் மொத்தக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர் தாய்க் கம்பெனியின் ஆடிட்டர். கீழே தவறு நடந்தால் மேலே கையெழுத்துப் போட்டவர் பொறுப்பா?

இப்போதைய பெரிய தகராறு இதுதான். எஸ்.ஏ. 600 என்ற இந்தியத் தணிக்கைத் தரநிலை, துணைக் கம்பெனி ஆடிட்டரின் வேலையைப் பொதுவாக நம்பலாம் என்கிறது. "இந்தப் பகுதியை வேறு ஆடிட்டர் பார்த்தார்" என்று குறிப்பிட்டுவிட்டால் தலைமை ஆடிட்டரின் சுமை குறைந்துவிடும். சர்வதேசத் தரநிலை அதை ஏற்பதில்லை. மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டவரே மொத்தத்துக்கும் பொறுப்பு என்கிறது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐ.எல்.எஃப்.எஸ். குழுமம் 2018-இல் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தபோது அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. அவ்வளவு பெரிய காட்டில் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துவிட்டு, காட்டைப் பார்த்தது யார் என்று கேட்டால் பதில் வராது.

2024-இல் ஆணையம் எஸ்.ஏ. 600-ஐச் சர்வதேச முறைக்கு மாற்றும் வரைவை வெளியிட்டது. இன்ஸ்டிட்யூட் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பை வெறும் சங்க அரசியல் என்று தள்ளிவிட முடியாது. மொத்தப் பொறுப்பும் தன் தலையில் விழும் என்றால், தலைமை ஆடிட்டர் துணைக் கம்பெனிகளையும் தானே பார்ப்பதாகச் சொல்வார். அல்லது தெரிந்த பெரிய நிறுவனத்துக்கே கொடுக்கச் சொல்வார். கோவையிலோ மதுரையிலோ நாலு பார்ட்னரோடு இயங்கும் நடுத்தர நிறுவனம் இன்று ஏதோவொரு குழுமத்தின் துணைக் கம்பெனியை ஆடிட் செய்துகொண்டிருக்கும். அந்த வேலை நாளை பன்னாட்டுப் பெயர் தாங்கிய நாலைந்து நிறுவனங்களிடம் போய்விடலாம். நியாயமான பயம். ஆனால் அதற்கான மருந்து, பொறுப்பை யாருக்கும் இல்லாமல் தொங்கவிடுவதாக இருக்க முடியாது என்பதே என் கருத்து. சிறு நிறுவனங்கள் ஒன்றிணைய வழி செய்வது, கூட்டு ஆடிட் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

தரநிலையை இறுதியாக அறிவிப்பது மத்திய அரசு. இன்ஸ்டிட்யூட் பரிந்துரைக்கும், ஆணையம் ஆராய்ந்து கருத்துச் சொல்லும், அரசு வெளியிடும். ஒரே சமையலறையில் இரண்டு சமையல்காரர்கள்.

டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது என்ன

இப்போது தொடக்கத்தில் விட்ட முடிச்சுக்கு வருவோம். பெரிய ஆடிட் நிறுவனங்களும் தனி ஆடிட்டர்களும் ஆணையத்தின் அதிகாரத்தையே எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். ஒரு பார்ட்னர் செய்த தவறுக்கு நிறுவனத்தையே தண்டிக்கலாமா என்பது அவர்களின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. இரு நீதிபதிகள் அமர்வு 2025 பிப்ரவரி 7 அன்று, 132-ஆம் பிரிவு அரசியல் சாசனப்படி செல்லும், நிறுவனத்தையும் பொறுப்பாக்கலாம் என்றது. அதுவரை ஆணையத்துக்கு வெற்றி.

அப்புறம் வந்தது இடி. ஆணையம் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, ஆடிட்டரின் கோப்புகளைப் பார்த்துத் தர ஆய்வு அறிக்கை எழுதுவது. இரண்டாவது, அந்த அறிக்கையின் பேரில் நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, தண்டனை கொடுப்பது. வேலைகளைத் தனித்தனிப் பிரிவுகள் வழியாகச் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில் அதே ஆட்கள்தான் அறிக்கையும் எழுதினார்கள், அதில் தவறு நடந்துவிட்டதாக முடிவும் சொன்னார்கள், பிறகு "உங்கள் விளக்கம் என்ன?" என்று நோட்டீஸும் அனுப்பினார்கள். முடிவெடுத்துவிட்டுக் கேட்கும் விளக்கத்துக்கு என்ன மரியாதை? அதனால் நோட்டீஸ்களை நீதிமன்றம் ரத்து செய்தது. தனியாக ஒரு பிரிவு புதிதாகப் பரிசீலித்து, வேண்டுமானால் மறுபடி நோட்டீஸ் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆடிட்டரிடம் சட்டம் எதைக் கேட்கிறதோ, அதைத்தான் நீதிமன்றம் ஆணையத்திடம் கேட்டிருக்கிறது. எழுதுபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு. ஆணையத்தில் இருப்பவர்கள் நேர்மையானவர்களா என்ற கேள்வி எழவே இல்லை. நாற்காலிகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்பதே விசாரிக்கப்பட்டது. ஆணையத்துக்கு இன்னொரு நாற்காலிப் பிரச்சினையும் இருக்கிறது, ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதன் தலைவரை நியமிப்பதும் செலவுக்குப் பணம் கொடுப்பதும் மத்திய அரசு. பெரிய பொதுத்துறைக் கம்பெனிகளின் புரமோட்டரும் அதே மத்திய அரசு.

பங்கு வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கிறது

ஆணையத்தின் உத்தரவுகளும் பெரிய ஆடிட் நிறுவனங்கள் பற்றிய ஆய்வு அறிக்கைகளும் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில், நீளமாக, ஆனால் படிக்கக்கூடியவை. கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கை சில பக்கங்கள் வரும். வழக்கமான வாசகங்களைத் தள்ளிவிட்டு மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: "நிபந்தனைக்குட்பட்ட கருத்து" (கணக்கில் ஏதோ ஓர் இடத்தை ஆடிட்டர் ஏற்கவில்லை என்று பொருள்) என்று தலைப்பு இருக்கிறதா, கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதியில் போன வருஷம் இல்லாதது எது புதிதாக வந்திருக்கிறது.

அதைவிடச் சத்தமான மணி ஒன்று உண்டு. ஆடிட்டர் பாதியில் விலகுவது. "வேலைப் பளு" என்று காரணம் எழுதிவிட்டு நழுவுவது ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது. 2019 அக்டோபரில் செபி இதை இறுக்கியது. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் விலகினால், அந்தக் காலாண்டின் அறிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏன் விலகுகிறேன் என்ற விவரத்தையும் வெளியே சொல்ல வேண்டும்.

ரிலையன்ஸ் கேபிடல் என்ற நிதிக் கம்பெனியில் 2018–19 கணக்கை இரண்டு ஆடிட் நிறுவனங்கள் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கடன் கொடுத்த விதத்தில் சந்தேகம் வந்து, ஒன்று மத்திய அரசுக்கு மோசடி அறிக்கை அனுப்பிவிட்டு 2019 ஜூனில் விலகியது. இன்னொன்று தங்கியது, கையெழுத்தும் போட்டது. 2024 ஏப்ரலில் ஆணையம் தங்கிய நிறுவனத்துக்கு 3 கோடி ரூபாய் அபராதம் விதித்து, கையெழுத்துப் போட்ட பார்ட்னருக்குப் பத்து ஆண்டு தடை போட்டது. விலகல் செய்தி வந்த நாளுக்கும் அபராதச் செய்தி வந்த நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து வருஷம். அதற்குள் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்கே போயிருந்தது.